உப்புக் காற்றில் ஓடும் ஃபேன்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்று இருக்கிறது. மாலையில் அங்கேதான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மூன்று பக்கம் திறப்பு, ஒரு பக்கம் மாடிப்படி அறையின் சுவர், மேலே நான்கு ஃபேன்கள். ஊர் தூத்துக்குடி. கிழக்கே கடல், கடலுக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் உப்பளம். கூடத்தில் தொங்கும் ஃபேனைப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒட்டடை அடிக்கும்போது துடைத்தால் போதும், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மாடி ஃபேன் அப்படி விட்டுவைக்காது. இரண்டும் ஒரே மாடல், ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. கூடத்து ஃபேனில் பெயின்ட் இன்னும் மங்கவில்லை. மாடியில் இருந்தது இரண்டாவது மழைக்காலத்திலேயே இறக்கையில் வெள்ளை பூத்து, ஸ்க்ரூ துருவேறி, முனக ஆரம்பித்துவிட்டது.

இங்கே வருடத்தில் இரண்டு காற்று, ஃபேனில் இரண்டு விதமாகப் படிகிறது. ஆனி பிறந்ததும் மேல்காற்று எழும்பிவிடும். ஆவணி வரை ஓயாது. மேற்கே கரிசல் காட்டுப் புழுதியை அள்ளிக்கொண்டு வரும். இறக்கையின் மேல்புறத்திலும், காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் முன்விளிம்பிலும் அது கனமாக அப்பும். பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். உலர்ந்த புழுதி தட்டினால் உதிர்ந்துவிடும். கடல் காற்று கொண்டுவருவதோ கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவினால் பிசுபிசுக்கும், நாக்கில் வைத்தால் கரிக்கும். (நான் வைத்துப் பார்க்கவில்லை. பிள்ளைகள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள்.)

இந்த உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலோர ஊரில் இரவு நேரத்தில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். ஆக, பகலில் தகரத்தின் சூட்டில் காய்ந்து பொடியாக இருப்பது, இரவில் உப்பு நீராகி ஸ்க்ரூவின் மறைக்குள்ளும் மூட்டுகளுக்குள்ளும் இறங்குகிறது. மறுநாள் காய்கிறது, இரவில் மறுபடி நனைகிறது. மழையே பெய்யாத சித்திரை மாதத்தில்கூட மாடி ஃபேன் துருப்பிடிப்பது இதனால்தான். தூசியைத் தட்டிவிட்டால் ஃபேன் சுத்தம் என்று நினைப்பது வீட்டுக்குள் சரி. கடல் காற்று படும் இடத்தில் உப்பைக் கழுவி இறக்காதவரை அது சுத்தமாகாது.

உப்பு நீர் நிதானமாக வேலை செய்வது ஃபேன் நிற்கும்போதுதான். தினமும் ஓடும் ஃபேனின் காயில் (மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பி) சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் உள்ளே ஈரம் தங்காது. கோடை விடுமுறையிலும் அரையாண்டு விடுமுறையிலும் ட்யூஷன் இல்லாமல் நிற்கும் ஃபேன்கள்தான் எங்கள் வீட்டில் அதிகம் சீரழிந்தன. இப்போதெல்லாம் விடுமுறை நாட்களில் மாலை விளக்கேற்றும் நேரத்தில் நான்கையும் அரைமணி நேரம் ஓடவிடுகிறேன். ஆளில்லாத கொட்டகையில் ஃபேன் ஓடுவதைப் பார்த்து எதிர்வீட்டு அக்கா கரண்ட் பில்லை நினைத்து வருத்தப்படுகிறார். சாதாரண ஃபேன் ஒன்று 75 வாட் அளவில்தான் இழுக்கும். நான்கும் சேர்ந்து அரைமணி நேரம் ஓடினால் 0.15 யூனிட். ஒரு பேரிங் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

இனி கழுவும் விஷயம்.

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, மெயின் பலகையில் இருக்கும் எம்சிபி என்ற பாதுகாப்புச் சுவிட்சை இறக்கிவிடுங்கள். பழைய வயரிங்கில் சுவிட்ச் நியூட்ரலில் போடப்பட்டிருக்கலாம். அப்படியானால் சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஃபேன் வரை கரண்ட் வந்து நிற்கும். எம்சிபியை இறக்கிய பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். திறந்த மாடியில் இன்னொரு தொல்லை, கரண்டே இல்லாமலும் காற்றில் ஃபேன் சுழலும். மேல்காற்று நேரத்தில் ஏணியில் ஏறி நிற்பவரின் காதோரம் இறக்கை வந்து தட்டும். ஒரு இறக்கையைத் துணிக் கயிற்றால் தூணோடு கட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். கீழே ஏணியைப் பிடிக்க ஓர் ஆள் அவசியம், அது அலுமினிய ஏணியாக இல்லாமல் மர ஏணியாக இருப்பது நல்லது. விடியற்காலையில், கடல் காற்று எழும்பும் முன் வேலையைத் தொடங்கினால் வெயிலில் காய்வதற்கும் நேரம் கிடைக்கும்.

உலர்ந்த துணியால் முதலில் துடைக்காதீர்கள். பெரும்பாலோர் செய்வது அதைத்தான். இறக்கையில் இருப்பது உப்புப் படிகம்; அதை அழுத்தி இழுத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி பெயின்டில் கீறல் விழும். அந்தக் கீறல் வழியாகத்தான் அடுத்த துரு. மேல்காற்று முடிந்து புழுதி கனமாக இருந்தால் மட்டும், பழைய தலையணை உறையை இறக்கையின் மேல் மாட்டி, வெளிப்பக்கமாக மெதுவாக உருவி எடுங்கள். புழுதி கண்ணில் கொட்டாமல் உறைக்குள்ளேயே விழுந்துவிடும். அதன் பிறகு ஈரத்துணி. நன்றாக நனைத்துப் பிழிந்த துணியை இறக்கையின் மேல் சில நிமிடங்கள் போட்டு வைத்தால் உப்பு ஊறிக் கரையும். பாத்திரம் கழுவும் சோப்பைச் சில சொட்டு விட்ட தண்ணீரில் ஒருமுறை, வெறும் தண்ணீரில் இரண்டு முறை, கடைசியில் உலர்ந்த துணி. இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

தண்ணீர் எந்தத் தண்ணீர் என்பது எங்கள் ஊரில் ஒரு கேள்வி. போர் தண்ணீர் உப்பு. அதில் கழுவினால் உப்பை எடுத்துவிட்டு உப்பைப் பூசுவதுதான். குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரை ஒரு வாளி பிடித்து வைத்துக்கொண்டு கழுவுகிறேன். துணியை அலசிய தண்ணீரை அடுத்த ஃபேனுக்குக் கொண்டுபோவதில்லை.

தரை கழுவும் ஆசிட், சலவைச் சோடா இரண்டும் அலுமினிய இறக்கைக்கு ஆகாது, இரண்டுமே அரிக்கும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரையும் தள்ளி வையுங்கள். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் ஒன்று உண்டு. அன்று மாலை வரை பளபளக்கும். பிறகு மொத்தப் புழுதியும் அதில் ஒட்டிக் கறையாகிவிடும். கார் பாலிஷ் மெழுகு மெல்லியதாகப் பூசினால் பயன் உண்டு. தூசி படிவது நிற்காது, ஆனால் அடுத்த முறை ஈரத்துணி பட்டதும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

கழுவும்போது கை வைக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். இறக்கையை மோட்டாரோடு சேர்க்கும் தகட்டுக் கை எளிதில் வளையும். மேலே துடைக்கும் கை அழுத்தும்போது கீழே இன்னொரு உள்ளங்கையால் தாங்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் வளைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, ஃபேனுக்குத் தெரியும். மோட்டார் மேல் தண்ணீர் பட விடாதீர்கள். கழுவும் நேரத்துக்கு மட்டும் அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டு, முடிந்ததும் எடுத்துவிடுங்கள். மழைக்காலம் முழுக்க அப்படியே பையைக் கட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். வேர்த்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே துருப்பிடிக்கும்.

மோட்டாருக்குள் புகுந்த புழுதியை ஊதி எடுக்கச் சைக்கிள் பம்பே போதும். பஞ்சர் கடையில் கொடுத்துக் காற்று அடித்துவாங்குவார்கள் சிலர். அந்தக் கம்ப்ரெசர் தொட்டியில் தண்ணீர் தேங்கியிருக்கும். காற்றோடு அதுவும் சேர்ந்து காயிலுக்குள் போய்விடும்.

இறக்கையைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், உண்மையான ஆபத்து கீழிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், ஃபேன் தொங்கும் ராடின் உச்சியை மூடும் மேல் கப்புக்குள் இருக்கிறது. முதல்முறையாக எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி மேல் கப்பை இறக்கிக் காட்டியபோது உள்ளே குளவி கட்டிய மண்கூடு, எறும்பு கொண்டுவந்து சேர்த்த மண், நடுவில் பச்சை பூத்த வயர் முனை. அவர் அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. ராடின் மேல் முனையில் இருந்த போல்ட்டைக் காட்டினார். அதன் துளையில் இருந்த காட்டர் பின் (நட் கழன்றுவிடாமல் தடுக்கும் வளைகம்பி) துருவேறி, தொட்டதும் உதிர்ந்தது. “டீச்சர், இறக்கையைத்தான் எல்லாரும் துடைக்கிறார்கள். மொத்த ஃபேனையும் பிடித்துக்கொண்டிருப்பது இந்தப் பின். இதை யாரும் ஏறிப் பார்ப்பதில்லை” என்றார். கீழே பிள்ளைகள் உட்காரும் இடம். அன்றே நான்கிலும் போல்ட், நட், பின் எல்லாவற்றையும் மாற்றி, ராடிலிருந்து கூரைக் குழாய்க்குத் தனியாக ஒரு எஃகுக் கயிறும் கட்டச் சொன்னேன். போல்ட் கழன்றாலும் ஃபேன் அந்தக் கயிற்றில் தொங்கும்.

அதே இடத்தில் போல்ட் உட்கார ஒரு ரப்பர் உருளை, ரப்பர் புஷ், இருக்கும். வெயிலிலும் உப்பிலும் அது வெடித்துக் கல்லாகிவிடும். விலை மிகக் குறைவு. வருடத்துக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன், பின்னையும் புஷ்ஷையும் சேர்த்து மாற்றிவிடுவது என் வழக்கம். ‘இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று யோசிக்க இடம் கொடுப்பதில்லை.

கான்கிரீட் கூரையில் மேல் கப் கூரையோடு ஒட்டி மூடிக்கொள்ளும். தகரக் கொட்டகையில் ஃபேன் தொங்குவது இரும்புக் குழாயில். கப்பின் வாய் வானத்தைப் பார்த்துத் திறந்தே இருக்கும். தகரத்தை இறுக்கும் ஜே போல்ட்டின் வாஷர் வெயிலில் காய்ந்து போனால், மழைநீர் சொட்டுச் சொட்டாக அந்தக் கப்பில் சேரும். கப்பின் அடியில் ராடு நுழையும் துளை வழியாக இறங்கி, ராடைப் பிடித்துக்கொண்டே மோட்டாரின் தலைக்குப் போகும். எங்கள் ஃபேன் ஒன்று மழை பெய்த மறுநாள் மட்டும் உறுமிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான். கூரை வாஷர்களை மாற்றினோம். அதோடு பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு வளையம் வெட்டி, கீழ்க் கப்புக்குச் சற்று மேலே ராடில் இறுக்கமாக மாட்டினார் அண்ணாச்சி. ராடு வழியாக வரும் தண்ணீர் அந்த வளையத்தில் தட்டி, கப்பின் வெளிப்பக்கமாகச் சொட்டிவிடும். வயரையும் நேராக இறக்காமல், கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றிக் கப்புக்குள் நுழைத்தார். வயர் வழியாக ஓடும் நீர் வளைவின் அடியிலேயே சொட்டிப்போகும். இந்த இரண்டுக்கும் காசு எதுவும் செலவாகவில்லை, ஆனால் அந்த உறுமல் நின்றது.

ஆட்டம் பற்றிக் கொஞ்சம். ஃபேன் ஆடினால் எல்லாரும் ராடைப் பிடித்துத் திருகுவார்கள். அதற்கு முன், கழுவிவிட்டுப் பாருங்கள். ஒரு இறக்கையில் மட்டும் கனமாக அப்பிய புழுதியே ஆட்டத்துக்குப் போதும். பிறகு ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். அப்போதும் ஆடினால், கூரையில் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இறக்கை நுனியையும் அதற்கு நேர் கீழே கொண்டுவந்து ஸ்கேலால் அளந்து பாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த இறக்கை வளைந்திருக்கிறது. இறக்கைகளைக் கழற்ற வேண்டி வந்தால் 1, 2, 3 என்று மார்க்கரால் எழுதி, எழுதிய இடத்திலேயே திரும்ப மாட்டுங்கள். அவை எடை பார்த்துச் சேர்த்த தொகுப்பு. வேறொரு ஃபேனின் இறக்கையோடு கலந்தால் ஆட்டம் நிச்சயம். இரும்பு இறக்கையில் துரு சுரண்டி ரெட் ஆக்சைடு (துரு தடுக்கும் அடிப்பூச்சு) அடித்து எனாமல் பூசினால், மூன்றையும் ஒரே அளவில் பூச வேண்டும். பூசிக் காய்ந்ததும் சமையலறை எடைமேடையில் வைத்து நிறுத்துப் பார்க்கிறேன். கணக்கு டீச்சர் வீட்டில் இதற்கெல்லாம் ஆள் பஞ்சம் இல்லை. நிறுக்க ஒருவன், எழுத ஒருத்தி, சராசரி எடுக்க இன்னொருவன்.

ஸ்க்ரூக்களைப் பொறுத்தவரை, அலுமினிய இறக்கையில் சாதாரண இரும்பு ஸ்க்ரூ இருந்தால் அந்த இடத்தில் உப்பு நீர் பட்டு அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ வாங்கி, மறையில் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டினால் அடுத்த வருடமும் கையால் கழற்ற வரும்.

வேகம் குறைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கண்டன்சர், அதாவது மோட்டாரோடு இணைந்த கெபாசிட்டர். சாதாரண ஃபேனில் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் இருக்கும். பழையதின் மேல் எழுதியிருக்கும் அளவையே வாங்குங்கள். பெரிய அளவு போட்டால் வேகமாக ஓடும் என்று கடையில் சொல்வார்கள். காயில்தான் சூடேறும். கறகறவென்று சத்தம் வந்தால் பேரிங். மூடிய பேரிங்குக்கு மேலிருந்து எண்ணெய் விடுவதால் ஒன்றும் உள்ளே போகாது. வழிந்து புழுதியைச் சேர்க்கும். மாற்றும்போது தகர மூடி வைத்ததைத் தவிர்த்து, ரப்பர் சீல் வைத்த பேரிங்காகக் கேட்டு வாங்குங்கள். உப்புக் காற்றுக்கு அதுதான் தாங்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தில் பெய்த மழையை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. எங்கள் மாடி வரை வெள்ளம் வரவில்லை, ஆனால் சாரல் எல்லாப் பக்கமும் அடித்தது, கரண்டும் இல்லை, ஃபேன்கள் நனைந்தபடி நின்றன. கரண்ட் வந்ததும் மாடி சுவிட்சைப் போட்டால் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் கருவி) விழுந்தது. மறுபடி தூக்கினால் மறுபடி விழுந்தது. ‘அந்தக் கருவியைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுத்தால் ஓடும்’ என்று ஆலோசனை சொன்னவர் ஒருவர் உண்டு. ஓடியிருக்கும், யாராவது ஒட்டடைக் கம்பியால் தொட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஈரம் பட்ட காயிலில் இருந்து ஃபேனின் உடலுக்குக் கரண்ட் கசிகிறது என்பதைத்தான் அது சொல்லிக்கொண்டிருந்தது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் திறந்த வெளியில் ஃபேன் மாட்டவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். எர்த் வயரும் அப்படியே. ஃபேனில் அதற்கென ஒரு ஸ்க்ரூ இருக்கும். அவசரத்தில் மாட்டுபவர்கள் அதை வெறுமனே விட்டுவிடுவார்கள். கேட்டு மாட்டச் சொல்லுங்கள்.

அந்த ஃபேன்களைக் கழற்றி, கப்பைத் திறந்து, காற்றோட்டமான அறையில் நாள்கணக்கில் உலர வைத்தோம். காயிலின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் என்ற கருவியை அண்ணாச்சி கொண்டுவந்து அளந்தார். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டியவற்றை மாட்ட மறுத்துவிட்டார். மூன்று தேறின, ஒன்று காயில் கட்டும் வைண்டிங் கடைக்குப் போனது.

புயல் அறிவிப்பு வந்தால் இறக்கைகளைக் கழற்றிக் கீழே கொண்டுவந்துவிடுகிறோம். ஸ்க்ரூக்களில் கிரீஸ் இருப்பதால் சீக்கிரம் முடிந்துவிடும். வெறும் மோட்டார் புயல் காற்றுக்குப் பிடி கொடுக்காது.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அழுத்திய மரத்தூள் பலகையில் செய்த அலங்கார இறக்கைகள் வெளியில் ஆகாது. ஈரம் குடித்து நுனி தொங்கிவிடும். பிளாஸ்டிக் இறக்கை உப்புக்கு நன்றாகத் தாங்குகிறது. பிஎல்டிசி என்ற புது வகை மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட் அளவில் ஓடும் என்பது பெரிய கவர்ச்சிதான். அதன் உள்ளே எலக்ட்ரானிக் பலகை இருக்கிறது. கடல் காற்று படும் இடத்தில் அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை. கூடத்துக்கு வாங்கினேன், மாடிக்கு வாங்கவில்லை. எதை வாங்கினாலும் இறக்கை தரையிலிருந்து குறைந்தது 2.4 மீட்டர் உயரத்திலும், கூரைக்குக் கீழே ஓரடியாவது இறங்கியும் இருக்கட்டும். ரெகுலேட்டரையும் சுவிட்சையும் மாடிப்படி அறைக்குள் வையுங்கள்.

எல்லா ஃபேனையும் காப்பாற்ற வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். இறக்கை அரித்தால் மாற்றலாம், காயில் போனால் கட்டலாம். ராடில் துரு மேலோட்டமாக இல்லாமல் குழி விழுந்திருந்தால், அல்லது ராடு மோட்டாரில் இறங்கும் மறை தேய்ந்திருந்தால், அந்த ஃபேன் மறுபடி தலைக்கு மேலே ஏறக் கூடாது. பழைய இரும்புக் கடையில் போடும்போது முழு ஃபேனாகக் கொடுக்காதீர்கள். காயிலில் இருக்கும் செம்பைத் தனியாகப் பிரித்துக் கேட்டால் விலை வேறு.